ஸ்பூல் நாடாவில் எஞ்சிய 1967

2015ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபார்ட்டி பிலோ ரெக்கார்ட்ஸ் என்னும் சிறு நிறுவனம் 13 பாடல்கள் அடங்கிய இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டது. ஜான் மேயலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் என்னும் பிரித்தானிய இசைக்குழு 1967இல் லண்டன் இரவு விடுதிகளில் வாசித்தவை அவை. ஒலித்தரத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிட்டால் அந்த இசைத்தட்டை எவரும் விலை கொடுத்து வாங்கமாட்டார்கள். குரல் தூரத்தில் எங்கோ கேட்கிறது. டிரம்ஸின் உலோகத் தட்டுகள் இரைச்சலாகக் கரைகின்றன. கித்தார் ஓங்கும்போது ஒலிவாங்கி திணறுகிறது. ஆயினும் ப்ளூஸ் இசையின் பிரித்தானிய வரலாற்றை எழுதுவோர் இதனைப் புறக்கணிக்க முடியாது. மேயல், பீட்டர் கிரீன், ஜான் மெக்வீ, மிக் ஃப்ளீட்வுட் ஆகிய நால்வரும் ஒரே மேடையில் ஒரே குழுவாக நின்ற காலம் மூன்று மாதங்களைத் தாண்டவில்லை. அந்த மேடைகளில் என்ன நடந்தது என்பதற்கு அதுவரை பழைய ரசிகர்களின் நினைவுகளே சான்றாக இருந்தன.

மேயல் 1933இல் இங்கிலாந்தின் மேக்கிள்ஸ்ஃபீல்டில் பிறந்தவர். கொரியாவில் படைப்பணி முடித்து, ஓவியக் கல்லூரியில் பயின்று, விளம்பர வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர். பிரித்தானிய ப்ளூஸ் இயக்கத்தின் மூத்தவரான அலெக்சிஸ் கார்னரின் தூண்டுதலால் 1963இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தபோது அவருக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பாப் இசையில் இருபது வயதினர் கொடிகட்டிப் பறந்த காலம் அது. மேயலிடம் மேடையழகோ வசீகரக் குரலோ இருந்ததாகச் சொல்ல முடியாது. அவரிடம் இருந்தவை இரண்டு: அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகள் பற்றிய விரிந்த அறிவும், தம்மினும் திறமையான இளைஞரை அடையாளம் காணும் செவியும். எரிக் கிளாப்டன் அவரிடமிருந்து சென்று க்ரீம் குழுவைத் தொடங்கினார்; பீட்டர் கிரீன் சென்று ஃப்ளீட்வுட் மாக்கைத் தொடங்கினார்; மிக் டெய்லர் சென்று ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்தார். மேயலின் குழுவை ஒரு பள்ளிக்கூடம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் எந்தப் பள்ளிக்கூடமும் இத்தனை விரைவாக ஆசிரியர்களையும் மாணவர்களையும் வெளியேற்றியதில்லை. அவருக்குப் பிடிக்காதவர் மறுநாள் குழுவில் இருக்கமாட்டார். அவரைப் பிடிக்காதவரும் இருக்கமாட்டார்.

இந்த ஓயாத மாற்றத்தின் விளைவைப் பதிவுகளில் காணலாம். கிளாப்டனுக்கும் கிரீனுக்கும் தலைக்கு ஒரு ஸ்டூடியோ ஆல்பமே வாய்த்தது. கிளாப்டனோடு செய்த ஆல்பம் 1966 ஜூலையில் வெளிவந்து பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடத்தை எட்டியது. கிரீனோடு செய்த 'எ ஹார்ட் ரோடு' 1967 பிப்ரவரியில் வந்தது. மிக் டெய்லரோடு செய்த 'க்ருசேட்' அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. இடையிடையே சேர்ந்து விலகிய குழு அமைப்புகளுக்கு ஓரிரு சிங்கிள்கள் கிடைத்தால் உண்டு. ஆனால் அக்குழு வாழ்ந்தது ஸ்டூடியோவில் அன்று. வாரத்தின் பெரும்பாலான இரவுகள் வேனில் ஏறி ஊர் ஊராகச் சென்று, மதுக்கடைகளின் பின்கூடங்களிலும் நிலவறை விடுதிகளிலும் வாசித்தே அவர்கள் பிழைத்தனர். பாடல்கள் மூன்று நிமிட வரம்பைக் கடந்து விரிந்ததும், கித்தார் கலைஞர் தம் எல்லையைச் சோதித்துப் பார்த்ததும் அங்கேதான். வரலாற்றுக்கு எஞ்சியதோ ஸ்டூடியோவின் சுருக்கப் பதிப்பு.

அப்படியானால் இசைத்தட்டு நிறுவனங்கள் விடுதிகளுக்கே சென்று பதிவு செய்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஒருமுறை செய்தார்கள். மேயலின் முதல் ஆல்பமே நேரடிப் பதிவுதான். 1964 டிசம்பர் 7 அன்று வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த க்ளூக்ஸ் க்ளீக் விடுதியில் அது பதிவாயிற்று. ரயில்வே ஹோட்டல் என்னும் மதுக்கடையின் மாடியில் அந்த விடுதி இயங்கியது. டெக்கா நிறுவனத்தின் ஸ்டூடியோ அதற்கு அடுத்த கட்டடத்தில் இருந்ததால், விடுதியிலிருந்து ஸ்டூடியோவுக்குக் கம்பிகளை இழுத்துப் பதிவை முடித்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டடம் என்னும் தற்செயல் இல்லாதிருந்தால் அதுவும் நடந்திருக்காது. அக்காலப் பதிவுக் கருவிகள் பாரமானவை. பொறியாளர் குழு ஒன்றை வாகனத்தோடு அனுப்ப வேண்டும். அந்த ஆல்பமும் விற்பனையில் எடுபடவில்லை. கிளாப்டன் காலத்தில் ஃபிளமிங்கோ விடுதியில் எடுக்கப்பட்ட பதிவுகள் ஒலித்தரம் போதாமையால் ஒதுக்கி வைக்கப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதி 1977இல்தான் இசைத்தட்டாக வந்தது. ஆகவே 1967இன் முற்பகுதியில் கிரீன் லண்டன் விடுதிகளில் வாசித்துக்கொண்டிருந்தபோது, அங்கே டெக்காவின் கம்பி எதுவும் இல்லை.

அந்த இளவேனிற் காலத்துக் குழுவின் வயதுக் கணக்கைப் பார்க்க வேண்டும். மேயலுக்கு 33. கிரீனுக்கு 20. பாஸ் கித்தார் வாசித்த மெக்வீக்கு 21. வருமான வரி அலுவலகத்தில் பயிற்சிப் பணியில் இருந்தவரை மேயல் 1963இல் இழுத்துக்கொண்டார், பிறகு குடிக்காகப் பலமுறை வெளியேற்றி மீண்டும் சேர்த்துக்கொண்டார். எயின்ஸ்லி டன்பார் என்னும் தேர்ந்த டிரம்ஸ் கலைஞர் விலகிய இடத்துக்கு வந்த ஃப்ளீட்வுட்டுக்கு 19. டன்பாரின் வாசிப்பு நுணுக்கமானது. ஜாஸ் கலைஞரைப் போல் இடைவெளி கிடைத்த இடமெல்லாம் நிரப்புவது. ப்ளூஸுக்கு அது மிகை என்பது மேயலின் எண்ணம். ஃப்ளீட்வுட் எளிமையாக வாசித்தார். அந்த எளிமை பிடித்துத்தான் மேயல் அவரைச் சேர்த்தார். சில வாரங்களில் குடியின் காரணமாக அவரை நீக்கியவரும் மேயலே.

நீக்குவதற்கு முன் ஒரு ஸ்டூடியோ அமர்வு நடந்தது. 1967 ஏப்ரலில் இந்த நால்வரும் 'டபுள் டிரபிள்', 'இட் ஹர்ட்ஸ் மீ டூ' என்னும் இரு பாடல்களை டெக்காவுக்காகப் பதிவு செய்தனர்; அவை ஒரு சிங்கிளாக வெளிவந்தன. மேயல் தம் இளம் கித்தார் கலைஞருக்கு அன்பளிப்பாகக் கொஞ்சம் ஸ்டூடியோ நேரமும் கொடுத்தார். அந்த நேரத்தில் கிரீனும் மெக்வீயும் ஃப்ளீட்வுட்டும் பதிவு செய்தவற்றுள் ஒன்று பாடலற்ற கருவியிசை. தாளப்பிரிவினர் இருவரின் பெயரையும் ஒட்டி அதற்கு 'ஃப்ளீட்வுட் மாக்' என்று கிரீன் பெயரிட்டார். உலகப் புகழ் பெறவிருந்த குழு ஒன்றின் பெயர் இவ்வாறு மேயலின் செலவில் பிறந்தது. 1967 ஆகஸ்ட் 13 அன்று வின்ட்சர் ஜாஸ், ப்ளூஸ் விழாவில் அந்தக் குழு முதன்முதலாக மேடை ஏறியபோது மெக்வீ அதில் இல்லை. மாத வருமானம் நிச்சயமாக இருந்த மேயலின் குழுவை விட அவருக்கு மனமில்லை. சில வாரங்கள் கழித்தே சென்று சேர்ந்தார். தம் பெயரில் பாதியைத் தாங்கிய குழுவின் முதல் நிகழ்ச்சியில் அவர் அதே விழாவில் வேறொரு குழுவின் ஆளாக இருந்தார்.

ஆக, மேயல் குழுவின் இந்த அமைப்புக்கு வரலாறு ஒதுக்கிய இடம் ஒரு சிங்கிளும் சில மிச்சப் பதிவுகளுமே. எஞ்சியதைக் காப்பாற்றியவர் ஹாலந்து நாட்டிலிருந்து வந்த ஓர் இளம் ரசிகர். அவர் ஒற்றைத் தட ஸ்பூல் டேப் ரெக்கார்டர் ஒன்றை ஒளித்து வைத்து விடுதிகளுக்குள் கொண்டு சென்றார். ப்ராம்லி, சோஹோ பகுதியின் மார்க்கீ, வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட்டின் க்ளூக்ஸ் க்ளீக், பிரிக்ஸ்டனின் ராம் ஜாம், வட லண்டனின் மேனர் ஹவுஸ் என ஐந்து இடங்களில் அவர் பதிவு செய்திருக்கிறார். ஒரு நிகழ்ச்சிக்கு நினைவுப் பொருளாகச் செய்வது வேறு. நகரின் தெற்கிலிருந்து வடக்குவரை ஒரே குழுவைப் பின்தொடர்ந்து ஐந்து கூடங்களில் செய்வது வேறு. இன்ன குழு முக்கியமானது, இதைத் தவறவிடலாகாது என்னும் தீர்மானம் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். அந்தத் தீர்மானம் இசைத்தட்டு நிறுவனத்துக்கு வரவில்லை, ரசிகருக்கு வந்தது.

அதன் சட்டப் பக்கமும் கவனிக்கத்தக்கது. பிரித்தானியாவில் 1958ஆம் ஆண்டின் நாடக, இசைக் கலைஞர் பாதுகாப்புச் சட்டம், கலைஞரின் எழுத்து மூலமான ஒப்புதல் இன்றி நிகழ்ச்சியைப் பதிவு செய்வதைக் குற்றமாக்கியிருந்தது. தனிப்பட்ட, வீட்டுப் பயன்பாட்டுக்காக மட்டுமே பதிவு செய்ததாக நிரூபித்தால் அது தற்காப்பாக ஏற்கப்படும். நாடாக்கள் அரை நூற்றாண்டு வெளிவராமல் கிடந்ததை இந்தக் கோணத்திலிருந்தும் பார்க்கலாம். 1969இல் பாப் டிலனின் வெளிவராத பதிவுகளைத் திருட்டு இசைத்தட்டாக்கி விற்றவர்கள் ஒரு தனிச் சந்தையையே உருவாக்கினர். அதன்பின் இத்தகைய நாடாக்களுக்குக் கைமேல் காசு கிடைத்தது. கிரீனின் புகழ் ஏற ஏற, 1967ஆம் ஆண்டு நாடாக்களின் விலையும் ஏறியிருக்கும். அவை விற்கப்படவில்லை.

கருவியின் இயல்பைப் புரிந்துகொள்ளாமல் இந்தப் பதிவுகளைக் கேட்பது முறையன்று. சிறிய ஸ்பூல் ஒன்றில் சுமார் 270 மீட்டர் நாடா சுற்றலாம். நொடிக்கு 9.5 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 47 நிமிடங்கள். வேகத்தைக் கூட்டினால் ஒலி தெளியும், நேரம் பாதியாகும். குறைத்தால் நேரம் கூடும், உயர் ஒலிகள் மங்கும். இருட்டுக் கூடத்தில், நெரிசலுக்கு நடுவே, காவலர் கண்ணில் படாமல் ஸ்பூலைத் திருப்பிப் போடவும் வேண்டும். 1963இலேயே ஃபிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியிருந்தது. பைக்குள் அடங்கும் கருவி அது. ஆனால் அதன் ஒலி அப்போது பேச்சைப் பதியத்தான் பொருத்தம். இசையைப் பதிய நினைத்தவர் ஸ்பூலைத்தான் சுமக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, அன்றைய மேடை ஒலியமைப்பு. இன்று மேடையின் ஒவ்வொரு கருவியும் தனித்தனி ஒலிவாங்கி வழியே ஒலிபெருக்கிக்குச் செல்கிறது. கூடத்தில் எங்கு நின்றாலும் ஏறத்தாழச் சமநிலையான ஒலி கேட்கும். 1967இல் விடுதியின் ஒலிபெருக்கி பெரும்பாலும் பாடகரின் குரலுக்கு மட்டுமே. கித்தாரும் பாஸும் ஆர்கனும் தத்தம் பெட்டிகளிலிருந்து நேரே முழங்கின. டிரம்ஸ் தன் இயல்பான ஓசையில் ஒலித்தது. எனவே பதிவு செய்பவர் நின்ற இடமே ஒலிக்கலவையைத் தீர்மானித்தது. கித்தார் பெட்டிக்கு எதிரே நின்றால் கித்தார். ஓரமாக நின்றால் வேறு. ஒற்றைத் தட நாடாவில் ஒருமுறை கலந்துவிட்டதைப் பின்னர் பிரிப்பதும் கடினம். ஆனால் இதற்கு ஒரு நற்பயனும் உண்டு. பொறியாளரின் தலையீடு இல்லாமல், அந்த இரவில் அந்த இடத்தில் நின்ற ஒரு மனிதரின் காதில் விழுந்தது அப்படியே கிடைக்கிறது. டெக்காவின் தேர்ந்த பொறியாளரால்கூட இதைத் தந்திருக்க முடியாது. அவர் குரலைத் தூக்கி, கித்தாரை அடக்கியிருப்பார்.

நாடாக்கள் ஹாலந்தில் கிடந்த காலத்தில் வேறிடங்களில் என்ன நடந்தது என்று பார்த்தால் அவை பிழைத்ததன் அருமை விளங்கும். மேயல் 1969 வாக்கில் கலிஃபோர்னியாவின் லாரல் கேன்யனில் குடியேறினார். 1979இல் பரவிய காட்டுத்தீயில் அவருடைய வீடு முழுவதுமாக எரிந்தது. நாட்குறிப்புகள், மூல ஒலிநாடாக்கள், வாழ்நாள் முழுதும் சேர்த்த பொருள்கள் யாவும் சாம்பலாயின. இத்தனைக்கும் மேயல் பதிவு செய்வதில் அக்கறை இல்லாதவர் அல்லர். 1967இன் பிற்பகுதியில் மிக் டெய்லரும் கீஃப் ஹார்ட்லியும் குழுவில் இருந்தபோது, தாமே ஒரு சிறிய டேப் ரெக்கார்டரைப் பயண வழியெங்கும் எடுத்துச் சென்று பதிவு செய்து, அதிலிருந்து 1968இல் 'தி டைரி ஆஃப் எ பேண்ட்' என்று இரண்டு ஆல்பங்களை வெளியிட்டார். தம் குழுவின் மேடை வாழ்வு பதிவுக்கு உரியது என்பதை அவர் உணர்ந்தபோது கிரீன் போய்விட்டிருந்தார். சில மாதங்கள் முன்னதாக அந்த எண்ணம் அவருக்கு வந்திருந்தாலும், அந்த மூல நாடாக்கள் லாரல் கேன்யன் தீக்கு இரையாகியிருக்கக்கூடும்.

பொது நிறுவனங்களின் கதை இதைவிடச் சிறந்ததன்று. பிபிசி வானொலி ஒலிபரப்பக்கூடிய இசைத்தட்டுகளின் நேரத்துக்கு இசைக்கலைஞர் சங்கத்தோடும் இசைத்தட்டு நிறுவனங்களோடும் செய்துகொண்ட உடன்பாட்டால் கடும் வரம்பு இருந்தது. அதனால் குழுக்களைத் தம் ஸ்டூடியோவுக்கே வரவழைத்து வாசிக்கச் சொல்லி ஒலிபரப்புவது பிபிசியின் வழக்கம். பிரித்தானிய ப்ளூஸ் குழுக்கள் யாவும் இப்படி வாசித்தன. ஒலிபரப்பு முடிந்ததும் பல நாடாக்கள் அழிக்கப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டன. நாடா விலையுயர்ந்தது, பாப் இசை மலிவானது என்பது அன்றைய கணக்கு. லெட் செப்பலின் குழு 1969இல் பிபிசிக்காக வாசித்த ஓர் அமர்வு இப்படி மறைந்தது. வேறெங்கும் அக்குழு பதிவு செய்யாத 'சன்ஷைன் வுமன்' என்னும் பாடல் அதில் இருந்தது. வீட்டில் வானொலி முன் அமர்ந்து நாடாவில் பிடித்துவைத்த ஒரு ரசிகரின் படியிலிருந்துதான் அது 2016இல் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. காப்பகத்துக்குக் கட்டடமும் ஊழியரும் இருந்தன; பாடலைக் காப்பாற்றியது ஒரு வீட்டின் அலமாரி.

எல்லாக் கண்டெடுப்பும் இப்படி மகிழ்ச்சியில் முடிவதில்லை. யார்ட்பேர்ட்ஸ் குழு 1968 மார்ச் 30 அன்று நியூயார்க்கின் ஆண்டர்சன் அரங்கில் வாசித்ததை நிறுவனமே பதிவு செய்தது. குழுவினருக்கு அது பிடிக்காததால் கிடப்பில் போடப்பட்டது. கித்தார் கலைஞர் ஜிம்மி பேஜ் லெட் செப்பலின் மூலம் புகழடைந்த பின், 1971இல் நிறுவனம் அதைத் தூசி தட்டி எடுத்தது. போதாக்குறைக்குப் பொய்யான கரவொலிகளையும் ஆரவாரத்தையும் மேலே ஒட்டியது. பேஜ் சட்ட நடவடிக்கை எடுத்து அதைச் சந்தையிலிருந்து அகற்றச் செய்தார். ஒட்டுவேலை நீக்கிய பதிப்பு 2017இல்தான் வந்தது. ஃப்ளீட்வுட் மாக்கின் பாஸ்டன் பதிவுகள் இன்னொரு வகை. 1970 பிப்ரவரியில் பாஸ்டன் டீ பார்ட்டி அரங்கில் மூன்று இரவுகள் நேரடி ஆல்பத்துக்கென்றே பதிவு செய்தனர். மே மாதத்தில் கிரீன் குழுவை விட்டு விலகவே திட்டம் கைவிடப்பட்டது. 1980களில் அரைகுறையாக வெளிவரத் தொடங்கி, 1990களின் இறுதியில்தான் அவை ஒழுங்கான தொகுதிகளாயின. நிறுவனத்தின் கையில் இருப்பதனாலேயே ஒரு நாடாவுக்கு நல்ல கதி கிடைத்துவிடும் என்று நம்புவதற்கில்லை.

மேயலின் கைக்கு ஹாலந்து நாடாக்கள் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. ஃபார்ட்டி பிலோ நிறுவனத்தின் எரிக் கார்ன் சீரமைப்பில் உதவினார். இத்தகைய வேலையில் செய்யக்கூடியதற்கு எல்லை உண்டு. சீறலைக் குறைக்கலாம், குறிப்பிட்ட அலைவரிசைகளை உயர்த்திக் குரலை ஓரளவு முன்னே கொண்டுவரலாம், ஓட்ட வேகம் தவறியிருந்தால் திருத்தலாம். வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு பிசகினால் சுருதி ஏறத்தாழ அரை ஸ்வரத்தில் பாதி விலகிவிடும். ஸ்டூடியோப் பதிவுகளைக் கேட்டுப் பழகிய காது அதை உடனே உணரும். ஆனால் ஒலிவாங்கியைத் தொடாத ஓசையை எந்தத் தொழில்நுட்பமும் படைத்துத் தர இயலாது. அளவுக்கு மீறித் துடைத்தால் கித்தாரின் உயிரும் சேர்ந்து போய்விடும். இத்தொகுதியில் அந்தத் தவறு நேரவில்லை. கரடுமுரடை ஏற்றுக்கொண்டு, இசை புரியும் அளவுக்கு மட்டும் துலக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அது நல்ல முடிவு. 2016இல் இரண்டாம் தொகுதியும் 2023இல் மூன்றாம் தொகுதியும் வந்தன.

பாடல் பட்டியலைப் பார்த்தால் இந்த இளைஞர்கள் யாரிடம் பாடம் கேட்டார்கள் என்பது வெளிப்படும். ஓட்டிஸ் ரஷ்ஷின் 'ஆல் யுவர் லவ்', 'டபுள் டிரபிள்', 'சோ மெனி ரோட்ஸ்'. ஃப்ரெடி கிங்கின் 'தி ஸ்டம்பிள்', 'சான்-ஹோ-சே', 'சம்டே ஆஃப்டர் எ வைல்'. டீ-போன் வாக்கரின் 'ஸ்டார்மி மண்டே'. இவற்றுள் 'தி ஸ்டம்பிள்' 'எ ஹார்ட் ரோடு' ஆல்பத்திலும் உண்டு. ஸ்டூடியோவில் அது வரையறுத்த வேகத்தில் கச்சிதமாக ஓடி முடிகிறது. அங்கே தாளம் டன்பாருடையது. விடுதியில் ஃப்ளீட்வுட்டின் கனத்த, நேரான தாளத்தின் மேல் கிரீன் இன்னும் துணிந்து வாசிக்கிறார். வேகமான கருவியிசையைவிட மெதுவான பாடல்களே இந்நாடாக்களின் உயிர் எனலாம். 'டபுள் டிரபிள்', 'ஸ்டார்மி மண்டே' போன்றவற்றில் கிரீன் ஒரு சொற்றொடரை வாசித்துவிட்டு நிறுத்துகிறார். அடுத்த ஸ்வரம் வரும்வரை கூடம் காத்திருப்பது ஒலிநாடாவில் கேட்கிறது. இருபது வயதுக் கலைஞர் ஒருவருக்கு, அதுவும் கிளாப்டனின் இடத்துக்கு வந்து அவரோடு ஒவ்வோர் இரவும் ஒப்பிடப்பட்டவருக்கு, இந்த நிதானம் எளிதில் கைகூடுவதன்று.

கிரீனின் பிற்கால வாழ்வை அறிந்தவர்க்கு இது வேறு பொருளும் தரும். 1966 ஜூலையில் மேயலிடம் நிலையாகச் சேர்ந்ததிலிருந்து 1970 மே மாதத்தில் ஃப்ளீட்வுட் மாக்கை விட்டது வரை அவருடைய முழு ஆற்றலோடு கூடிய காலம் நான்கு ஆண்டுகளுக்கும் குறைவு. அதன்பின் மனநோய் அவரைப் பீடித்தது; மருத்துவமனைவாசம், நெடிய மௌனம், 1990களில் ஒரு தயக்கமான மீள்வருகை. 2020 ஜூலையில் மறைந்தார். அவர் வைத்திருந்த 1959ஆம் ஆண்டு கிப்சன் லெஸ் பால் கித்தார் கேரி மூரிடம் சென்று, பின்னர் மெட்டாலிக்கா குழுவின் கர்க் ஹேமட்டிடம் சேர்ந்தது. அதன் விலை குறித்து எழுதப்பட்டவை அதன் ஒலி குறித்து எழுதப்பட்டவற்றினும் அதிகம். நான்கு ஆண்டுகளே வாய்த்த கலைஞரின் ஒவ்வொரு மாதமும் கணக்கில் வரும். அந்தக் கணக்கில் 1967இன் முற்பகுதி ஏறத்தாழ வெற்றிடமாக இருந்தது.

ஓட்டிஸ் ரஷ்ஷைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவுறாது. கிளாப்டன் ஆல்பத்தின் முதல் பாடலும் அவர் பாடிப் புகழ்பெற்றதே; கிரீனின் மெதுவான வாசிப்பில் பாதி அவரிடம் கற்றதே. லண்டன் விடுதிகளில் வெள்ளையின இளைஞர்கள் அவர் பாடல்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தபோது ரஷ் சிகாகோவில் சரியான இசைத்தட்டு ஒப்பந்தம் இன்றித் திண்டாடிக்கொண்டிருந்தார். 1971இல் ஒருவழியாகக் கேபிடல் நிறுவனத்துக்காக ஓர் ஆல்பம் முழுவதையும் பதிவு செய்தார். நிறுவனம் அதை வெளியிடவே இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1976இல், ஒரு சிறு நிறுவனம் அதை 'ரைட் பிளேஸ், ராங் டைம்' என்ற பெயரில் கொண்டுவந்தது. இன்று அது அவருடைய தலைசிறந்த ஆல்பமாகப் போற்றப்படுகிறது. ஃப்ரெடி கிங் 1976 டிசம்பரில் 42 வயதில் இறந்தார். பிரித்தானியக் குழுக்கள் தம் மூலக் கலைஞர்களின் பெயரை மறைத்தார்கள் என்று மேயலைக் குற்றம்சாட்ட இயலாது. இசைத்தட்டு உறைகளிலும் பேட்டிகளிலும் அவர் ஓயாமல் அவர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் பெயரைச் சொல்வதும் வாழ்வு கிடைப்பதும் ஒன்றல்ல. ரகசியமாகப் பதிவு செய்யப்பட்ட நாடா ஒன்றுக்கு ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் சந்தை இருந்தது. முறையாகப் பதிவான ரஷ்ஷின் ஆல்பத்துக்கு அது பதிவான ஆண்டில் இல்லை.

மூன்று தொகுதிகளும் வெளிவந்ததை மேயல் உயிரோடிருந்து கண்டார். 2024 ஜூலை 22 அன்று, கிளாப்டனோடு செய்த ஆல்பம் வெளிவந்து சரியாக 58 ஆண்டுகள் நிறைந்த நாளில், தமது 90ஆம் வயதில் கலிஃபோர்னியாவில் காலமானார். அதே ஆண்டு ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் இசைத் தாக்கத்துக்கான விருதில் அவர் பெயரைச் சேர்த்தது. க்ளூக்ஸ் க்ளீக் விடுதி 1970இலேயே மூடப்பட்டுவிட்டது. 1964இல் கம்பி இழுத்த டெக்கா ஸ்டூடியோ 1980களின் தொடக்கத்தில் மூடப்பட, அந்தக் கட்டடத்தில் இப்போது ஆங்கிலேய தேசிய ஓபரா குழு ஒத்திகை பார்க்கிறது.